ஸ்மார்ட் போர்டுக்கு வச்ச சந்தனப் பொட்டு

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு ஜூலை மாசம். திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல ஒரு கிராமத்துல, அரசுத் தொடக்கப் பள்ளியில நான் தலைமையாசிரியை. பதவியைக் கேட்டுட்டு பெருசா நினைச்சுக்காதீங்க. ரெண்டு வகுப்பறை, ரெண்டு டீச்சர். அதுல ஒருத்தர் பாதி நாள் ட்ரெய்னிங்ல இருப்பாரு. மணி அடிக்கிறதுல இருந்து மொபைல் ஆப்புல வருகைப்பதிவு ஏத்துற வரைக்கும் மிச்சமெல்லாம் என் தலையிலதான்.

அப்பதான் எங்க ஸ்கூலுக்கு ஸ்மார்ட் போர்டு வரப்போகுதுன்னு தகவல் வந்துச்சு. தொட்டா எழுதும், படம் ஓடும், பாட்டுப் பாடும்னாங்க. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கு என்னவோ அலுப்புதான் வந்துச்சு. மழை வந்தா கூரை ஒழுகுது, அதைச் சரிபண்ணித் தாங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். "அது வேற நிதி டீச்சர், இது வேற நிதி"ன்னுட்டாங்க. போர்டுக்கு வந்த பணத்துல ஒரு ஓட்டைகூட அடைக்கக் கூடாதாம். மாட்டுறதுக்கு சுவத்துல துளை போட்டா, காரை பொலபொலன்னு கொட்டுச்சு. கடைசியில சக்கரம் வச்ச இரும்பு ஸ்டாண்டுல நிறுத்தி, ஒழுகாத மூலையாப் பார்த்துத் தள்ளி வச்சுட்டுப் போனாங்க.

போர்டைத் தொடங்கி வைக்க ஒரு வெள்ளிக்கிழமை காலையில பெற்றோரைக் கூப்பிட்டிருந்தோம். எங்க பக்கம் புதுசா ஒரு மிக்ஸி வாங்கினாலே பொட்டு வைக்காம சுவிட்சைப் போட மாட்டாங்க. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவிதான் சந்தனம், குங்குமம் வைக்கிறதா ஏற்பாடு. அவங்களும் ஒரு பிள்ளையோட அம்மாதான். சிறுசேரியில ஒரு கம்பெனியில ஹவுஸ்கீப்பிங், நைட் ஷிஃப்ட். கம்பெனி வேன் வழியில மாட்டிக்கிச்சு, மணி பத்தைத் தாண்டியும் ஆளைக் காணோம். பத்தரைக்கு ராகு காலம். "நேரம் போவுது டீச்சர், நேரம் போவுது"ன்னு ஆளாளுக்கு என்னைப் பிடுங்குறாங்க.

எங்க சத்துணவு சமையல்ல உதவிக்கு ஒரு அக்கா இருந்தாங்க. வகுப்பறையைக் கழுவி, கோலம் போட்டு, சந்தனத்தைக் குழைச்சு வச்சதெல்லாம் அவங்கதான். கிண்ணமும் அவங்க கையிலதான் இருந்துச்சு. "நீங்களே வச்சிடுங்கக்கா"ன்னேன். அவங்க முகம் மாறிப்போச்சு. வீட்டுக்காரர் கருங்குழிக்கிட்ட ஒரு லாரி விபத்துல போய் பல வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் இப்படி ஒரு காரியத்துக்கு அவங்களை யாரும் முன்னால கூப்பிட்டதே இல்ல. "நானா டீச்சர்?"னு கேட்டாங்க. நான் விடல. போர்டோட சட்டத்துல நாலு பக்கமும் நல்லா தாராளமா சந்தனம் வச்சு, நடுவுல குங்குமம் வச்சாங்க. முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

சுவிட்சைப் போட்டேன். போர்டுல வெளிச்சம் வந்துச்சு, பிள்ளைங்க கைதட்டினாங்க. நான் 'அ' எழுதப் போனா, அது தன்னால கோடு கோடா இழுக்குது. யாரும் தொடல, பக்கம் புரளுது, படம் பெருசாகுது, சின்னதாகுது. "டீச்சர், பேய் எழுதுது!"ன்னு ஒண்ணாங்கிளாஸ் வாண்டு ஒண்ணு கத்துச்சு. அந்த நேரம் பார்த்து தலைவி உள்ள வர்றாங்க. விஷயத்தைக் கேட்டதும், "நான் வரதுக்குள்ள இன்னா டீச்சர் அவசரம்? அவுங்களப் போயி வைக்கச் சொல்லிக்கிறீங்க!"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "தினமும் அவங்க கையாலதானே உங்க பிள்ளை சாப்பிடுது, அது மட்டும் செரிக்குதா?"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கவே கூடாது. மறுவாரம் நாலஞ்சு பிள்ளைங்க வீட்டுல இருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவர ஆரம்பிச்சிடுச்சுங்க. சாப்பாட்டு வரிசையில அதுங்க தனியா உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறதை, கரண்டியோட நின்னு அக்கா பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

போர்டு கம்பெனிக்குப் புகார் பதிஞ்சேன். ஆள் வருவாங்க, ஆள் வருவாங்கன்னு வாரக்கணக்கா இழுத்தாங்க. இன்னொரு பக்கம், போர்டை ஏன் பயன்படுத்தலன்னு கேட்டு ஆபீஸ்ல இருந்து போன் மேல போன். நான் பழைய புடவையைப் போட்டு அதை மூடி வச்சுட்டேன். பொட்டு வச்ச பொருளாச்சே, யாரும் துடைக்கவும் இல்ல. ஒருநாள் சாயங்காலம் பாத்திரத்தைக் கழுவி கவுத்துட்டு வந்து, "டீச்சர், இந்த மாசத்தோட நான் நின்னுக்கிறேன். எனக்காக யார்கிட்டயும் பேசாதீங்க. பேசப் பேசத்தான் பெருசாவுது"ன்னாங்க அக்கா. வேற வருமானம் எதுவும் இல்லாதவங்க. சோர்ந்துபோய் உட்கார்ந்துட்டேன்.

மாசக் கடைசியில ஒருவழியா ஒரு டெக்னீஷியன் வந்தாரு. மறைமலைநகர் பக்கத்துல இருந்து பைக்லயே வந்திருக்காரு, சட்டையெல்லாம் வேர்வை. நல்லவேளையோ கெட்டவேளையோ, அன்னைக்குக் குழுக் கூட்டம், தலைவியும் நாலஞ்சு அம்மாக்களும் அங்கேயே இருந்தாங்க. அவர் புடவையை எடுத்தாரு, ஆன் பண்ணினாரு, கோடு ஓடுறதைப் பார்த்தாரு. சட்டத்துல காஞ்சிருந்த சந்தனத்தை நகத்தால லேசா சுரண்டினாரு. "இது யாரு வச்சது?"ன்னு கேட்டாரு. அத்தனை பேரும் சமையல்கட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாங்க. அக்கா அங்கதான் நின்னாங்க. "அதான் சார், இவுங்க கை வச்சதுல இருந்துதான் இப்டி கீது"ன்னாங்க தலைவி.

அந்த மனுஷன் அக்காவைப் பார்த்தாரு. போர்டுக்குப் பின்னால போய் மூடியைக் கழட்டி, எதையோ தட்டி, ஊதி, மூடினாரு. முன்பக்கம் வந்து ஈரத்துணியால சட்டம் பூரா அழுத்தித் துடைச்சாரு. அப்புறம் எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "உள்ள ஒரு ஒயரு லூசா இருந்துச்சும்மா. ஃபேக்டரிலயே சரியா மாட்டாம அனுப்பிட்டாங்க. யாரு கை வச்சிருந்தாலும் இது சரியா ஓடியிருக்காது"ன்னாரு. அதோட விடல. "பொட்டு அழிஞ்சிபோச்சு. நீங்களே வந்து வையுங்கம்மா, இந்த ஸ்டாண்டு கால்ல வையுங்க"ன்னு அக்காவைக் கூப்பிட்டாரு.

அக்கா என்னைப் பார்த்தாங்க. நான் தலையாட்டினேன். கிட்ட வந்து குனிஞ்சு வச்சாங்க. அவர் சுவிட்சைப் போட்டு, "எழுதுங்க டீச்சர்"ன்னாரு. எழுதினேன். 'அ' அப்படியே அழகா வந்து நின்னுச்சு. பிள்ளைங்க போட்ட கூச்சல்ல கூரை இருந்ததே பெரிசு. தலைவி கூட்டத்து நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு எழுந்து போயிட்டாங்க.

நன்றி சொல்ல பைக் வரைக்கும் கூடவே போனேன். "ஒயரெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர்"னு மெதுவாச் சொன்னாரு. சட்டத்தோட ஓரத்துல கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடுமாம். விரல் அதை மறைச்சாதான் யாரோ தொட்டாங்கன்னு போர்டுக்குத் தெரியுமாம். சந்தனம் தடிப்பா ஒட்டிக்கிட்டு இருந்ததால யாரோ விடாம தொடுறாங்கன்னு அது நினைச்சிருக்கு. இனிமே சட்டத்துல எதுவும் வைக்க வேணாம்னாரு.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. அப்போ அந்த உண்மையையே உள்ள சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். "சந்தனத்தாலன்னு சொன்னா, அவுங்க காதுல அந்தம்மா வச்ச சந்தனத்தாலன்னுதான் வுழும் டீச்சர். என் கல்யாணத்துல எங்கம்மா பந்தலுக்கு வெளியவே நின்னுகினு இருந்தாங்க. எத்தினி தபா கூப்ட்டும் உள்ள வரல"ன்னாரு. ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. நான் அந்த வெயில்லயே நின்னு அழுதேன்.

டிபன் பாக்ஸ்லாம் ஒண்ணொண்ணா நின்னுபோச்சு. அக்கா வேலையை விடல. தலைவி மன்னிப்பெல்லாம் கேக்கல, நானும் எதிர்பார்க்கல. நடந்தது இன்னதுன்னு அக்காகிட்டகூட நான் சொல்லல, இங்கயும் அதனாலதான் ஊர் பேரைச் சொல்லாம விட்டேன். பிள்ளைங்க எழுதுற ஒரு தப்பைக்கூட விடாம சுழிச்சுப் பழகின டீச்சர் நான், ஆனா அந்த மனுஷன் சொல்லிட்டுப் போன பொய்யைத் திருத்த மட்டும் இன்னைக்கு வரைக்கும் எனக்கு மனசு வரல.