அப்பா ரிட்டையர் ஆன சில மாதங்கள்

அந்தக் கேக்கின் நீலக் கிரீம் நாக்கைவிட்டுப் போகவே இல்லை...

பேருந்துப் பணிமனை கேன்டீனில் அப்பாவுக்குப் பிரிவு உபசாரம். பிரேக் மிதித்து மிதித்துத் தேய்ந்த அவருடைய முட்டிக்கு இனியாவது ஓய்வு என்று அம்மாவுக்கும் எனக்கும் நிம்மதி.

கூட ஓட்டிய செல்வம் அங்கிள் சும்மா விடவில்லை.

"இனிமே அண்ணிதான்டா உனக்கு சூப்பர்வைசர். எம்சி போட்டு லீவெல்லாம் எடுக்க முடியாது லா!"

ஈசூனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் அப்பா மெதுவாகக் கேட்டார். "கேக்குல ரிட்டையர்மென்ட்னு போட்டிருந்தாங்களே... அந்த ரிட்டையர் எங்கேருந்தும்மா வந்துச்சு? நீதான் யூனிவர்சிட்டி போனவளாச்சே."

எனக்கும் தெரியாது. போனில் தேடினேன்.

பிரெஞ்சிலிருந்து வந்த சொல். பின்னால் இழுத்துக்கொள்வது என்பதுதான் வேர். ஆரம்பத்தில் படைகள் பின்வாங்குவதையும், மனிதர்கள் தனியிடம் தேடி ஒதுங்குவதையும் சொன்னார்களாம். வேலையை விடுவதும், படுக்கப் போவதும் பிறகு சேர்ந்த அர்த்தங்கள்.

"அப்ப, தோத்து ஓடுறதா?"

"ஓடுறதா? இந்த முட்டிய வச்சுக்கிட்டா?" என்றார் அம்மா. எதிரே இருந்த சீனப் பாட்டி நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியாவுக்குக் காய்கறி வாங்க அப்பாவும் நானும் பேருந்தில் போனோம். ஜாலான் புசார் பக்கம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவருடைய வலது கால் தரையை அழுத்திற்று. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். முகத்தில் வலி தெரிந்தது. காலை மட்டும் எடுக்கவில்லை.

"அப்பா, நீங்க பேசஞ்சர்."

"தெரியுதும்மா. காலுக்குத் தெரியலையே."

அடுத்த வாரமே பணிமனையிலிருந்து அழைப்பு. ஆள் போதவில்லை, பார்ட் டைம் வர முடியுமா என்று.

"வேணாம்பா. முட்டி..."

"கொஞ்ச நாள்தான்மா. வீட்டுல உக்காந்தா இன்னும் வலிக்குது."

அம்மா சீருடையை எடுத்து இஸ்திரி போட்டார். எனக்கும் அன்று அலுவலகம் முடிந்து வந்த அலுப்பு. மேலே வாதாடத் தெம்பில்லை.

அந்தக் 'கொஞ்ச நாள்' இன்னும் முடியவில்லை.

பிரைமரி ஸ்கூல் படித்தபோது, அப்பா ஓட்டும் பேருந்து வரும்வரை மற்ற பேருந்துகளை விட்டுவிட்டு நிறுத்தத்திலேயே நிற்பேன். தோழிகளுக்குக் கைகாட்டிச் சொல்லுவேன், "எங்கப்பா!"

இப்போதும் காலையில் அதே நிறுத்தம்தான்...

வருகிற பேருந்தில் வேறு யாராவது டிரைவர் என்றால், அந்த முட்டி பிரேக் மிதிப்பதைப் பார்க்க வேண்டாம், அப்பாடா என்று ஏறிக்கொள்கிறேன்.