சரோஜா பிடுங்கச் சொன்ன குச்சிகள்

லஸ்கர் சரோஜா போய்விட்டார் என்ற செய்தி, பாசனப் பிரிவில் ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. போட்டவர் சும்மா போடவில்லை. சரோஜாவின் படத்தைச் சுற்றி ஊதாப்பூ அலங்காரம் செய்திருந்தார். உற்றுப் பார்த்தேன். நெய்வேலிக் காட்டாமணக்குப் பூ. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எந்தச் செடியை வெட்டி மாளாமல் ஆயுசு முழுக்கத் திட்டினாரோ, அதையே அவர் தலைமாட்டில் வைத்துவிட்டார்கள். கீழே வரிசையாகக் கும்பிடு. அத்தனை பேரும் வாய்க்காலில் சம்பளம் வாங்கியவர்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

என்னோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மதகைத் திறந்து மூடி, வாய்க்காலையும் கரையையும் காவல் காப்பவர்தான் லஸ்கர். கணவர் பணியில் இருக்கும்போதே இறந்ததால் சரோஜாவுக்கு வந்த வேலை அது. வலங்கைமானுக்குக் கிழக்கே எங்கள் வாய்க்கால் எங்கே முடிகிறதோ, அங்கேதான் அவர் ஊர். மேலே எங்காவது அடைத்துக்கொண்டால் அவர் தம்பியின் நாற்றங்கால்தான் முதலில் காயும்.

நான் அந்தப் பிரிவுக்குப் பொறியாளராகப் போன புதிதில், வாய்க்காலை ஒட்டியிருந்த அலுவலகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கரையோரம் காட்டாமணக்குக் குச்சிகளை வரிசையாக நட்டேன். படித்த மேதாவி அல்லவா? தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்தது, வருடம் முழுக்கப் பூத்தது. எனக்கு ஏகப் பெருமை.

"இத யாரு சார் நட்டது?" என்றார் சரோஜா.

"நான்தான். நல்லா இருக்குல்ல?"

"கண்ணு எதுக்கு சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டு மதகுப் பக்கம் கையைக் காட்டினார். என் வேலியிலிருந்து ஒடிந்து மிதந்துபோன கிளை ஒன்று மதகடியில் வேர் பிடித்து, புதராகிக் குப்பையைக் கட்டி வைத்திருந்தது. தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு தயங்கித் தயங்கிப் போனது.

மேட்டூர் திறக்குமுன் தூர்வாருவது நம் ஊர் வழக்கம். நாம் தூர்வாரிய லட்சணமும் உங்களுக்குத் தெரியும். காட்டாமணக்கை வெட்டி, கரையிலேயே குவித்து, படம் எடுத்து அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். ஒரு மழை பெய்தால் குவியல் முழுக்கத் துளிர்க்கும். "வெட்டிப் போட்டா செத்துரும்னு நெனைக்கிறீங்க. அது என்ன மனுசனா?" என்பார் சரோஜா. அவர் வெட்டியதை மட்டும் தலையில் சுமந்துபோய் சிமெண்டுக் களத்தில் காயப்போட்டு, சருகான பிறகு கொளுத்துவார். அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

கடைசியில் வெட்கம் வந்து, கரைக்கு வேறு என்னதான் வைப்பது என்று கேட்டேன். "நொச்சி வைங்க. வேரு கரையப் புடிச்சுக்கும். ஆடாதோடை வைங்க, ஆடு கடிக்காது. பூதான் வேணும்னா இட்லிப்பூ இருக்கு, பட்டாம்பூச்சியாவது வரும். நம்ம மண்ணுல இல்லாத செடியா?" என்றார். இரண்டு நாளில் எங்கிருந்தோ நொச்சிப் போத்துகளைக் கட்டுக்கட்டாக வெட்டிக்கொண்டு வந்தார். சேர்ந்து நட்டோம்.

பிறகுதான் என் மூளை வேலை செய்தது. எருமைகள் மிதிக்காமல் இருக்க நொச்சியைச் சுற்றிக் குச்சி ஊன்றச் சொன்னேன். சரோஜா அன்று விடுப்பு. கரையில் காய்ந்ததுபோல் கிடந்த காட்டாமணக்குக் குச்சிகளே போதும் என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் குச்சியெல்லாம் புதராகி, நொச்சி நிழலில் செத்துப்போய், கரை முழுக்க ஊதாப்பூ. கிளைகள் சரிந்து வாய்க்காலும் அடைத்தது. அந்த வருடம் கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை. சரோஜாவின் தம்பி காய்ந்த நாற்றங்காலை மாட்டுக்கு விட்டார்.

அழுவார், கத்துவார் என்று பயந்துகொண்டிருந்தேன். "காவலுக்கு வச்ச ஆளே வீட்ட எழுதி வாங்கிட்டான் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்து பிடுங்க ஆரம்பித்தார். அன்று எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மறுபடி அவர் தனியாக நட்ட நொச்சிதான் இன்றும் அந்தக் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இப்போது அவர் பெயரில் எதிர்க்கரையில் செடி நடுவதென்று குழு முடிவு செய்தது. ஒருவர் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தைச் சொன்னார், சீக்கிரம் வளருமாம். இன்னொருவர் நர்சரியில் உண்ணிச்செடி ஐந்து நிறத்தில் கிடைக்கிறது என்று படம் அனுப்பினார். காட்டையே தின்ற செடிக்குத் தொட்டி, அதற்கு ஒரு படம். ஒரு வாரம் சண்டை போட்டு நொச்சிக்குச் சம்மதிக்க வைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனால், செடியைவிட பேனர் பெரிதாக இருந்தது. எனக்கு முன்பே நட்டு முடித்துவிட்டார்கள். ஒவ்வொரு நொச்சியைச் சுற்றியும் பாதுகாப்புக்கு நான்கு குச்சிகள். பக்கத்து வாய்க்காலிலேயே வெட்டிய பச்சைக் காட்டாமணக்கு.

நான் குனிந்து பிடுங்க ஆரம்பித்தேன். "ஏன் சார், கைக்கெட்டுன தூரத்துலேயே கெடைச்சுதேன்னு வெட்டுனோம்," என்றார் பேனர் கட்டியவர்.

"கண்ணு எதுக்குங்க இருக்கு?" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. சரோஜாவின் மகள் மாலதி சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து அடுத்த குச்சியைப் பிடுங்கினார்.

சரோஜாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். அதை முதலில் என்னிடமும், பிறகு உங்களிடமும் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறேன். பிடுங்கிய குச்சிகளை அதே சிமெண்டுக் களத்தில் பரப்பிவிட்டு வந்திருக்கிறேன். நாளைக்குப் போய்ப் புரட்டிப் போட வேண்டும். இரண்டு தூறல் விழுந்தால் போதும், துளிர்த்துவிடும் சனியன்.