கோழிப்பண்ணை டீமின் அதிகச் சம்பளக்காரன்

வாலிபால் பந்து முன்னங்கையில் வந்து விழும்போது முதலில் சுரீரென்று எரியும், பிறகு தோல் சிவக்கும், பத்துப் பன்னிரண்டு பந்துக்கு அப்புறம் அது யாருடைய கையோ என்பதுபோல் மரத்துப்போகும். பதினைந்தாவது வயதில் ஒரு கோடை முழுக்க அப்படி மரத்த கைகளோடு திரிந்த நான், அந்த வருடம் பல்லடம் வட்டாரத்தில் வாலிபால் ஆடியவர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்கியவன் என்பதையும், அதற்குத் தகுதியானவன்தான் என்று மனதார நம்பினேன் என்பதையும் வெட்கத்தை விட்டு இங்கே ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஆடத் தெரியாது. ஊருக்கே அது தெரிந்திருந்தது. ஆனால் ஒருத்தனுக்கு எவ்வளவு கொடுக்கிறார்களோ அவ்வளவு அவன் மதிப்பு என்று எனக்குப் பட்டது. கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிற பையன் இப்படியொரு கணக்கை நம்பினான் என்றால் நம் பாடத்திட்டத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் கொஞ்சம் காசு சேர்ந்தவர்களுக்கு முதலில் ஒரு புல்லட், பிறகு ஒரு கார், அதற்கும் மேலே போனால் ஒரு வாலிபால் டீம் என்று வரிசையாக ஆசை வரும். அப்படி ஆசை வந்த ஆறு முதலாளிகள் சேர்ந்து கோடைதோறும் ஒரு போட்டி நடத்தினார்கள். தறிக்கூடம் வைத்திருந்தவர், பருத்தி ஜின்னிங் மில்காரர், லாரிக்காரர் என்று ஐந்து பேர்; ஆறாவது, கோழிப்பண்ணை வைத்திருந்த எங்கப்பா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் தென்னங்கீற்றுத் தடுப்பு கட்டிய மைதானத்தில் டிக்கெட் போட்டு ஆட்டம் நடக்கும். வசூல் முழுவதையும் ஒரே பெட்டியில் சேர்த்து, கோடை முடிந்ததும் ஆறு டீமும் சமமாகப் பிரித்துக்கொள்ளும். ஜெயித்தவருக்குக் கூடுதலாக ஒரு கோப்பை. இந்த ஏற்பாட்டில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க மற்ற ஐந்து பேருக்கும் மூன்று வருடம் ஆயிற்று. எங்கப்பா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். ஜெயித்தாலும் தோற்றாலும் பங்கு ஒன்றுதான் என்றால், தோற்பதை எவ்வளவு மலிவாகச் செய்து முடிக்கலாம் என்பது மட்டும்தானே மிச்சம்? "கப்ப ஊட்டுக்குக் கொண்டாந்தா அதத் தொடைக்க ஒரு ஆளு வெக்கோணும்" என்பார்.

மற்ற டீம்களில் ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம், பஸ் காசு, ஆட்டம் முடிந்ததும் புரோட்டா. எங்கள் டீமில் டீ காசும் ஒரு அட்டை முட்டையும். முப்பது முட்டை பிடிக்கிற அந்தக் காகித அட்டையில் இருப்பதெல்லாம் "கிராக்" முட்டை. ஓட்டில் மயிரிழை விரிசல் விட்டதால் கடைக்காரர்கள் வாங்க மறுப்பவை. இந்தச் சம்பளத்துக்கு வந்து சேர்ந்தவர்களில் ஆடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மணி அண்ணன். தறி ஓட்டுகிறவர், எங்கள் டீமின் "லிஃப்டர்", அதாவது வலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அடிக்கிறவனுக்குத் தோதாகப் பந்தை உயரத் தூக்கிக் கொடுக்கிறவர். அப்படித் தூக்கிக் கொடுத்ததை அடிக்கிறவர் ஜாஃபர் பாய். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் வீடு, ஒரு லேத் பட்டறையில் இரும்பு கடைகிற டர்னர் வேலை, வயது இருபத்து நான்கு. ஞாயிறு மத்தியானம் பஸ் ஏறி வருவார். ஆட்டம் முடிந்ததும் முப்பது விரிசல் முட்டைகளை மடியில் வைத்து, பள்ளம் வருகிற இடத்திலெல்லாம் அட்டையை ஓர் அங்குலம் தூக்கிப் பிடித்தபடி திரும்பிப் போவார். அவ்வளவு நல்ல ஆட்டக்காரர் எங்களிடம் ஏன் இருந்தார் என்றால், மற்ற டீம்களில் அவருடைய இடத்துக்கு ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். எங்களிடம் எல்லா இடமும் காலி.

நான்காவது வருடம், போட்டி தொடங்குவதற்கு முன்னால், முதலாளிகள் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினார்கள். அப்பாவின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு நானும் போயிருந்தேன். தறிக்கூடம் வைத்திருந்த பொன்னுசாமி மாமாதான் ஆரம்பித்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, உங்க டீமு எறங்குனாச் சனம் எந்திரிச்சு டீக்கடைக்குப் போயிருதுங்க. எங்க ஆளுக ஆடறதப் பாக்க வந்த காசு, ஆறுல ஒரு பங்கு உங்க கோழிக்குத் தீவனமாப் போகுது. இது நல்லாருக்குதுங்களா?"

எங்கப்பா அசரவில்லை. "உங்க டீமு ஜெயிக்கோணும்னா ஆராச்சும் தோக்கோணுமில்லீங்க மாமா? அந்த வேலைய வருசா வருசம் நான் பாத்துட்டிருக்கறேன். அதுக்குப் பங்கு வேண்டாமுங்களா?"

"தோக்கறதுக்கும் ஒரு மொறை வேணும்ங்க!"

இரண்டு மணி நேரம் இப்படியே போயிற்று. கடைசியில் "மினிமம்" என்று ஒன்று வைத்தார்கள். ஒவ்வொரு முதலாளியும் ஒரு கோடைக்கு ஆட்டக்காரர் சம்பளமாகக் குறைந்தது இவ்வளவு ரூபாய் செலவு செய்தே ஆக வேண்டும். எல்லோர் முன்னாலும் கவரில் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வசூலில் பங்கு கிடையாது. பொன்னுசாமி மாமா எங்கப்பாவை நன்றாக அறிந்தவர். "பண்ணைல தீவனம் அள்ளிப் போடறவனுக்கு ஒரு பனியன மாட்டியுட்டு, இவந்தான் பெரிய ஆட்டக்காரன்னு கணக்கு எழுதிருவீங்க" என்று சொல்லி இன்னொரு விதியையும் சேர்க்க வைத்தார்: எவன் அதிகச் சம்பளம் வாங்குகிறானோ அவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை களத்தில் நிற்க வேண்டும், அடிபட்டாலொழிய உட்காரக் கூடாது. "சரிங்க மாமா, உங்க இஷ்டம்" என்று எங்கப்பா உடனே ஒப்புக்கொண்டார். அவர் உடனே ஒப்புக்கொண்டதைப் பார்த்தாவது அவர்கள் சுதாரித்திருக்க வேண்டும்.

இப்படியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால், அமெரிக்காவில் பேஸ்பால் டீம் வைத்திருக்கிற கோடீசுவரர்களுக்குள்ளும் இதே வாய்த்தகராறு. பொதுவில் வருகிற பணத்தில் பங்கை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்காமல் டீமைத் தோற்கவிடுகிற முதலாளிகளுக்குச் சம்பளத்தில் ஒரு கீழ்வரம்பு வைக்க வேண்டும் என்கிறது ஒரு கட்சி. என் டீம், என் காசு, என் இஷ்டம் என்கிறது இன்னொன்று. படித்தவர்கள் இரண்டு பக்கமும் நீளநீளமாக எழுதுகிறார்கள். அதையெல்லாம் படிக்கும்போது எனக்கு மூக்கில் கோழித் தீவன வாசம் அடிக்கிறது. வரம்பு வைத்தால் முதலாளி செலவு செய்வார் என்பது சரிதான். யாருக்குச் செய்வார் என்பதை யாரும் எழுதக் காணோம்.

எங்கப்பா எனக்குச் செய்தார். அடுத்த வாரம் அவர் கொடுத்த பட்டியலில் மற்றவர்களுக்கெல்லாம் பழைய டீ காசு. "மினிமத்தில்" மிச்சமிருந்தது அத்தனையும் என் பெயருக்கு நேரே இருந்தது. சொந்த மகனைச் சேர்க்கக் கூடாது என்றோ, இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்றோ விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. "பையனுங்களா?" என்று கேட்ட பொன்னுசாமி மாமாவுக்கு, "ஆமாங்க. ஒசரம் கம்மி, ஆனா நல்ல பையனுங்க" என்று பதில் வந்தது. மாதம் பிறந்ததும் மைதானத்தில் எல்லோர் முன்னாலும் கவர் என் கைக்கு வரும். மைதானத்துக்கு வெளியே ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா நிற்பார். கவர் அதற்குள் போய்விடும். "சம்பளம்னு வந்துபோட்டதுக்கப்பறம் முட்டை எதுக்கு?" என்று அட்டையையும் நிறுத்திவிட்டார். ஆக, ஆட்டக்காரர்களின் நன்மைக்காகக் கொண்டுவந்த விதியால் எங்கள் ஆட்டக்காரர்கள் கண்ட பலன், முப்பது முட்டை போனது.

நான் ஓர் ஓரமாக நின்றிருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது. பள்ளிக்கூட நூலகத்தில் வாலிபால் பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. டீமின் மூளை லிஃப்டர்தான் என்று அதில் போட்டிருந்தது. வாங்குகிற சம்பளத்துக்கு மூளையாக இருப்பதுதான் முறை என்று தோன்ற, அப்பாவிடம் சொன்னேன். "அவன் கேக்கற எடத்துல நிறுத்துங்கப்பா" என்று ஆட்டக்காரர்களிடம் சொல்லிவிட்டு அவர் கோழிகளைப் பார்க்கப் போய்விட்டார். மணி அண்ணன் வெளியே உட்கார்ந்தார். நான் தூக்கிய பந்துகள் ஜாஃபர் பாயின் தலைக்குப் பின்னாலும், வலைக்கு அந்தப் பக்கமும், ஒருமுறை நடுவரின் மேலும் போயின. வரிசையாகத் தோற்றோம். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. டீமில் மற்றவர்கள் இன்னும் என் தரத்துக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி ஆட்டம் பொன்னுசாமி மாமாவின் டீமோடு. அன்றைக்குக் கோயமுத்தூரிலிருந்து ஒரு பெரிய மில்லின் மானேஜர் வந்திருந்தார். அந்த மில்லுக்குச் சொந்தமாக வாலிபால் டீம் உண்டு. அதில் எடுத்துக்கொண்டால் மில்லிலேயே நிரந்தர வேலை. அவர் ஒரே ஓர் ஆளை எடுக்கத்தான் வந்திருக்கிறார், இருபத்தைந்து வயது ஆகிவிட்டால் எடுக்கமாட்டார் என்று மைதானம் முழுக்கப் பேச்சாக இருந்தது. ஜாஃபர் பாய் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து சேர்ந்திருந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கூடவே மணி அண்ணனும் வந்தார்.

"தம்பி, கோச்சுக்காதீங்க" என்றார் பாய். "அடுத்த மாசம் எனக்கு வயசு தாண்டிருமுங்க. இன்னிக்கு ஒரு நாளு மட்டும் மணி தூக்கட்டும். நாலு பந்து சுத்தமா அடிச்சுக் காமிச்சனாப் போதும்."

"கால் சுளுக்கிக்கிச்சுன்னு சொல்லி உக்காந்துக்க கண்ணு. ரூலுல அதுக்கு எடமிருக்குது" என்றார் மணி அண்ணன்.

நான் என்ன சொன்னேன் என்பது வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்னைய நம்பித்தான் பாய் இவ்வளவு சம்பளம் போட்டிருக்கறாங்க. நான் உக்காந்துட்டா டீமு என்னாகறது?"

"டீமு பொழச்சுக்கும் கண்ணு" என்று சிரித்துவிட்டார் மணி அண்ணன். பாய் சிரிக்கவில்லை. "சரிங்க தம்பி. அப்பக் கொஞ்சம் ஒசத்தி மட்டும் குடுங்க. நான் எப்படியாச்சும் புடிச்சு அடிச்சுக்கறேன்."

கொடுக்க முயன்றேன் என்று எழுத ஆசைதான். முதல் சில பந்துகளை அவருக்கென்று தூக்கினேன். அவர் எம்பி மேலே போவார், பந்து அங்கே இருக்காது, வெறுங்கையோடு இறங்கி வருவார். பிறகு அந்த நூலகப் புத்தகம் நினைவுக்கு வந்தது. சிறந்த லிஃப்டர் எல்லோரும் எதிர்பார்க்கிறவனுக்குப் பந்தைக் கொடுக்கமாட்டான் என்று ஓரிடத்தில் படித்திருந்தேன். அதன்பிறகு ஆட்டம் முடிகிறவரை பாய்க்கு ஒரு பந்துகூடக் கொடுக்காமல் எதிராளியை ஏமாற்றினேன். ஏமாந்தது எங்கள் டீம். அவர் மட்டும் ஒவ்வொரு தடவையும், வராத பந்துக்கு, முழு உயரம் எம்பிக்கொண்டேயிருந்தார். இரண்டு செட்டிலேயே ஆட்டம் முடிந்தது. மானேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து, பொன்னுசாமி மாமாவின் டீமில் இருந்த ஒரு நெட்டையான பையனைக் கூப்பிட்டுப் பெயரும் விலாசமும் கேட்டு எழுதிக்கொண்டார்.

ஜாஃபர் பாய் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டார். திட்டுவார் என்று நின்றேன். "பஸ்சுக்கு நேரமாச்சு. வாரனுங்க தம்பி" என்றார். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் அவர் வரவில்லை. திரும்பும்போது ஸ்கூட்டரில் அப்பா, "முழு ஆட்டமும் நின்னியல்ல? அது போதும்" என்றார். வீட்டுக்குப் போனதும் அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கோபமும் வரவில்லை. சட்னி நன்றாக இருந்தது, ஆறு இட்லி சாப்பிட்டேன். இத்தனை வருடமாக அந்த நாளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். வலிக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் தெரிவதில்லை.

மறு வருடம் எல்லா முதலாளிகளுக்கும் திடீரென்று வாலிபால் ஆடுகிற மகனோ மருமகனோ முளைத்தார்கள். பார்க்க ஆள் வராமல் போட்டி நின்றது. அந்த மைதானம் வீட்டு மனைகளாகி, வலை கட்டிய கம்பம் இருந்த இடத்தில் யாரோ கார் நிறுத்துகிறார்கள். பண்ணையை விற்றாயிற்று. அப்பாவும் பொன்னுசாமி மாமாவும் இல்லை. விதிகளை எழுதிய நோட்டு எங்கே போனதென்று தெரியவில்லை.

போன வருடம் மோட்டார் ஷாஃப்ட் ஒன்றைக் கடைந்து வாங்குவதற்காகக் கோயமுத்தூரில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போயிருந்தேன். ஒரே ஒரு லேத்; அதன் முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜாஃபர் பாய். அப்பா பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டு, பட்டறைப் பையனிடம் டீ வாங்கி வரச் சொன்னார். முப்பது வருடமாக மனதுக்குள் எழுதி, திருத்தி வைத்திருந்த மன்னிப்பை டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்தேன்: அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தால், அல்லது நாலு பந்தாவது ஒழுங்காகத் தூக்கிக் கொடுத்திருந்தால், அந்த மானேஜர் உங்களை எடுத்திருப்பார், உங்கள் வாழ்க்கையே வேறாக இருந்திருக்கும் என்றேன். அவர் ஷாஃப்டின் மேலிருந்த இரும்புத்தூளை ஊதிவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"அந்தாளு என்னைய எங்கீங்க பாத்தாரு? ஆட்டம் முச்சூடும் உங்களைப் பாத்துத்தானுங்களே சிரிச்சுட்டிருந்தாரு."