ரோதமுனியும் நடு வேகாத பிரவுனியும்

என் மகள் குவைத்திலிருந்து வந்தபோது எனக்குத் தங்க வளையல் கொண்டுவருவாள் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடு வீடாகச் சொல்லிவைத்திருந்தேன். அவள் கொண்டுவந்தது ஓவன். அதைக் கையில் மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போக முடியாது.

"இது எதுக்குடி? நம்மகிட்ட அடுப்பு இல்லையா?"

"பிரவுனி போடப்போறேம்மா."

"அது என்னா, கோழியில ஒரு சாதியா?"

கொக்கோ போட்ட கேக்குதானாம். வேலை பார்த்த வீட்டு அடுப்படியில் கற்றுக்கொண்டாளாம். அப்புத்தளையில் நாலு அறை கட்டி வெள்ளைக்காரர்களைத் தங்கவைக்கும் ஒரு மிஸ், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்து தின்றுபார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் வாராவாரம் வாங்குவார். மகள் இங்கேயே இருந்துவிடுவாள். பிடிக்காவிட்டால் மறுபடி குவைத்துதான். ஏஜென்சிக்காரன் வேறு போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

அவளுடைய சக்கரம் வைத்த பெட்டி கட்டிலுக்கடியில் தயாராக நின்றது. என் வீட்டுக்காரர் அதன் பக்கம் திரும்புவதே இல்லை. பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்தியைக் கண்டவர்போல முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு போவார்.

அவர் காலமெல்லாம் தேயிலை ஃபேக்டரியில் மெஷினோடு கிடந்தவர். சக்கரத்தை அங்கே ரோதை என்பார்கள். அதைக் காவல் காக்கிற சாமி ரோதமுனி. புது மெஷின் வந்தால் முனிக்குச் சேவலும் சுருட்டும் கொடுத்து, எலுமிச்சம்பழம் நசுக்கின பிறகுதான் சுவிட்சில் கை வைப்பார்கள். ஃபேக்டரியை விட்டு வந்து எத்தனையோ காலமாகியும் முனி மட்டும் இவரை விடவில்லை.

"பூச போடாம மிஷின ஓட்டக்கூடாது பாப்பா."

"அப்பா, இது ஓவன். இதுல ரோதை எங்க இருக்கு?"

அவர் ஓவனிலிருந்த நேரம் வைக்கும் குமிழைத் திருகிவிட்டார். அது டிக் டிக் என்று தானாகவே திரும்பி வந்தது.

"இந்தா சுத்துதே. இது என்னாவாம்?"

"அப்ப செவுத்துக் கடிகாரத்துக்கும் ஒரு சேவல அறுங்க. அதுவும் சுத்துது," என்றேன் நான்.

"நீ பேசாத. ஒனக்குச் சேவல்னா கொழம்பு நெனப்பு."

அதில் பொய் ஒன்றுமில்லை.

ஞாயிறு காலையில் மகள் வேலையைத் தொடங்கினாள். பட்டரை உருக்கி, சூட்டோடு சிவப்புச் சீனியைக் கொட்டிக் கலக்கினாள். முட்டையை உடைத்து ஊற்றி, பளபளவென்று வரும்வரை அடித்தாள். கொக்கோ தாராளமாக விழுந்தது. கோதுமை மாவைத்தான் திருநீறு மாதிரி கொஞ்சமாகப் போட்டாள்.

"மாவு பத்தாதுடி."

"மாவு கூடினா சாதாரண கேக்காயிரும்மா. இது நடுவுல இழுபடணும். மெல்லணும்."

"மெல்லுறதா? ஒங்கப்பாவோட பல்லுக்கா?"

இரண்டு தட்டு சுட்டாள். மேலே மெல்லிய தோல் படர்ந்து, வெயிலில் காய்ந்த சேறு மாதிரி வெடித்திருந்தது. நடுப்பகுதி லேசாக அமுங்கிக் கிடந்தது. என் வீட்டுக்காரர் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை உருவிக் கழுவிக்கொண்டு வந்து நடுவில் குத்தினார். ஈர்க்கில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது.

"வேகல. அமுங்கிப்போச்சு, வெடிச்சுப்போச்சு, வேகவும் இல்ல. நான் சொன்னேனா இல்லையா? முனிக்குக் கோவம்."

"ஐயோ அப்பா, இதுதான் பதம்! ஆறினா சரியாயிரும். தயவுசெஞ்சு யாரும் தொடாதீங்க." சொல்லிவிட்டு, மிஸ்ஸைக் கூட்டிவர மகள் தார் ரோட்டுக்கு இறங்கிப்போனாள். எங்கள் லயத்துக்கு வழி தெரியாதவர்கள் வந்தால் தேயிலைக்குள்தான் போய் நிற்பார்கள்.

என் வீட்டுக்காரருக்குச் சீனி வியாதி. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிறவர். இனிப்பு என்றால் மட்டும் காலில் சத்தமே வராமல் நடப்பார். அதனால் ஒரு தட்டை ஒளித்துவைக்க இடம் தேடினேன். இந்த வீட்டில் அவர் கை படாத இடம் ஒன்றே ஒன்றுதான். சூடு ஆறியதும் தட்டைத் துணியில் சுற்றி, அந்தக் குவைத் பெட்டிக்குள் வைத்து மூடினேன். மற்றதை மேசையிலேயே விட்டேன். எல்லாவற்றையும் ஒளித்தால் சந்தேகம் வரும். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு மலையூற்று விழும் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் வீட்டுக்குள் கோயில் வாசம். ஓவன் நெற்றியில் மூன்று பட்டையாகத் திருநீறு. நடுவில் குங்குமம். தலைமேல் ஒரு சாசரில் கர்ப்பூரம் எரிகிறது. கீழே நசுங்கின எலுமிச்சம்பழம். பக்கத்தில் சுருட்டுக்குப் பதிலாக அவருடைய பீடி ஒன்று. உள்ளே, மேசையிலிருந்த தட்டு மறுபடி வெந்துகொண்டிருந்தது.

"ஏங்க! என்னா பண்ணுறீங்க?"

"அரவேக்காட்ட அந்தம்மா தின்னு வயித்தால போச்சுன்னா, நம்ம புள்ள பேரு என்னாகும்? இப்ப பாரு."

வெளியே எடுத்தார். கத்தி இறங்கவில்லை. தட்டைக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினார். மேசைதான் அதிர்ந்தது.

"இப்பதான் வெந்திருக்கு," என்றார், முகமெல்லாம் வெளிச்சமாக.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். மிஸ்ஸும் மகளும் வந்துவிட்டார்கள். மேசையைப் பார்த்த மகளின் முகம் கல்லாகிவிட்டது. கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை ஒருமுறை பார்த்தாள். அவள் அப்பாவும் அவள் பார்த்ததைப் பார்த்தார். அவர் முகத்து வெளிச்சம் மெதுவாக அணைந்தது.

"ஒக்காருங்க மிஸ்," என்றேன். "நல்ல பொருள வெளிய வைக்கமாட்டோம். எலித் தொல்ல."

பெட்டியை இழுத்துத் திறந்து, துணியைப் பிரித்தேன். மகளுக்கு மூச்சு வந்தது. இவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஆறின பிரவுனியில் கத்தி அமுங்கி இறங்கியது. மிஸ் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். இழுத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் நின்று இவர் எனக்குக் கண்ணைக் காட்டினார், வேகலைடி வேகலைடி என்று.

மிஸ் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினார்.

"பாவம், காலையில ஒண்ணும் சாப்பிடல போல," என்றார் இவர் என் காதில்.

"எங்க கத்துக்கிட்டீங்க? இந்தப் பதம் எனக்கு வரவே இல்லியே," என்று மிஸ் மகளைக் கேட்டார். "வர்ற சனிக்கிழமையிலருந்து குடுங்க. ஆனா ஒண்ணு, இந்தக் கர்ப்பூர வாசம் மட்டும் வேணாம்."

மிஸ் போனதும் மகள் கதவில் சாய்ந்து சிரித்தாள், பிறகு கொஞ்சம் அழுதாள். ஏஜென்சிக்காரனின் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"மகளுக்கு இங்கயே வேல கெடைச்சிருச்சு தம்பி. ஆமா, பெரிய எடம். முனிதான் மேனேஜர்."

"பாத்தியா, பூச போட்டதுக்குப் பலன்," என்றார் இவர். அவருடைய கல் பிரவுனியில் ஒரு துண்டைப் பிளேன்டீயில் ஊறப்போட்டுக் கொடுத்தேன். பொழுது சாயும்வரை அதை மென்றார். சீனி வியாதிக்காரருக்கு அந்த மாதிரி இனிப்புதான் நல்லது, ஒரு துண்டுக்கு மேல் தாடை தாங்காது.

மகள் பெட்டியிலிருந்த துணிகளை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, கொக்கோவையும் சீனியையும் அதற்குள் அடுக்கினாள். எலி வராதாம். அவள் கைகழுவப் போன நேரம், இத்தனை நாள் அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்க்காத மனிதர் அதன் முன்னால் குந்தியிருந்தார். கையில் குங்குமச் சிமிழ். நாலு சக்கரத்துக்கும் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"அது என்னாங்க, அதயும் ஓட்டப்போறீங்களா?"

"ரோதை இருக்குல்ல," என்றார், தலையைத் தூக்காமல். "இது ஓடாம இருக்கணும்னு முனிகிட்டச் சொல்லிவைக்கிறேன்."

அடுத்த சக்கரம் அவர் பக்கம் வரட்டும் என்று பெட்டியைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தேன்.