குன்னூரில் போட்ட கிர்ணி விதை

கல்யாணமாகி ஓரிக்கையிலிருந்து குன்னூருக்குப் போனபோது, எங்கள் பாலாற்று மணலில் விளைந்த கிர்ணிப்பழத்தின் விதைகளைத் துணியில் முடிந்து எடுத்துப்போனேன். அது எழுபதுகளின் தொடக்கம். என் கணவருக்கு அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை.

"இந்தக் குளிருல எங்கேமா காய்க்கப் போவுது?" என்றவர், வீட்டின் பின்னால் மண்ணைக் கொத்தியும் கொடுத்தார்.

முதல் வருஷம் விதைகள் மண்ணுக்குள்ளேயே அழுகின. அடுத்த வருஷம் மிச்சத்தை அடுப்பங்கரையில் கொட்டாங்கச்சிகளில் முளைக்க வைத்து, வெயில் வந்த பிறகு வெளியே நட்டேன். கொடி ஓடிப் பூத்தது. எலுமிச்சை அளவுக்கு இரண்டு பிஞ்சுகள்கூட வந்தன. ஆடி மழையும் மூடுபனியும் பிடித்துக்கொண்டதில் இலையெல்லாம் வெள்ளை படர்ந்து, பிஞ்சுகள் உதிர்ந்தன. ஒன்றை அறுத்துப் பார்த்தேன். உள்ளே விதையே கட்டவில்லை. அன்று அடுப்பு மூட்ட மனம் வரவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தம்பியிடம் விதை கேட்டேன். ஆற்றில் தண்ணீர் வராததால் அவன் கிர்ணி போடுவதையே விட்டிருந்தான். வைத்திருந்த விதையையும் எலி தின்றுவிட்டதாம்.

"நீ எடுத்துக்கினு போனது இருக்குதுன்னு நம்பிக்கினு இருந்தேன்க்கா."

"எல்லாத்தையும் போட்டுட்டேன்டா," என்றேன்.

அவன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.