கெளம்புற ஆளக் கேக்காதீங்க

கொள்ளிடம் கடல்ல கலக்குற இடத்துல இருந்த எங்க குப்பத்தச் சுனாமி வாரிக்கிட்டுப் போனதும், எங்க அண்ணன் கலியமூர்த்தி மீன்சுருட்டியில என் வூட்டுக்கு வந்துச்சு. கரும்பு வெட்டுற வேலை பிடிச்சுக் குடுத்தேன். காலையில அரிவாளோட கெளம்பும். தெருவுல எவனாவது, "எங்க கெளம்பிட்டீங்க?"ன்னு கேட்டுத் தொலைப்பான். உடனே திரும்பி வந்துடும். கடலுக்குப் போறவங்கள அப்படிக் கேட்டா அன்னிக்குப் போகக் கூடாதுங்கறது எங்க குப்பத்து வழக்கம்.

"கரும்புக் காட்டுல ஏதுண்ணே கடலு?"ன்னு தெனமும் கத்துவேன். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகிட்டே கெடக்கும்.

சாமியெல்லாம் கடலாடப் போற மாசிமகத்தன்னிக்கு விடியக்காலையில துணிப்பையோட படியெறங்குச்சு. அரிவாள் செவுத்துலயே தொங்குச்சு. "எங்கண்ணே?"ன்னு ஒரு வார்த்த கேட்டா போதும், திரும்பி வந்துடும். வாய் வரைக்கும் வந்தத முழுங்கிட்டேன்.