ஏழு மணிக்கு அடித்த கார்டு

சிவலிங்கத்தின் கார்டை அடித்தவன் நான். அவனே அடித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்கள் முகத்தை நான் பார்க்கப் போவதில்லை... அந்தத் தைரியம்தான்.

அதிகம் படித்தவனில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கிள்ளானில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை. நானும் சிவாவும் பகல் ஷிப்ட். பக்கத்துப் பக்கத்து மெஷின். வேலை ஏழு மணிக்கு முடியும். ஏழு பத்துக்குக் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். வேலைக்கு வந்த நேரமும் போகும் நேரமும் பதிய, கார்டு அடிக்கும் மெஷின் ஒன்றுதான், வரிசை நீளம். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். ஒருவன் போய் இரண்டு கார்டையும் அடிப்பான். மற்றவன் இரண்டு மெஷினையும் சுத்தம் செய்துவிட்டு ஓடி வருவான். ஒரு நாள் அவன், ஒரு நாள் நான்.

அடுத்தவன் கார்டை அடித்தால் வேலை போகும். சுவரில் மூன்று மொழியில் ஒட்டியிருந்தார்கள். எல்லோரும் அதன் கீழே நின்றுதான் அடித்தோம்.

அன்று கார்டு என் முறை.

"போய் அடி லா. மாப்பிள்ளை வந்துக்கிட்டே இருக்காருன்னு பஸ்காரன்கிட்ட சொல்லு," என்றான் சிவா. அவன் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

ஏழு மணிக்கு அடித்தேன். பஸ்ஸில் என் பையை வைத்து அவனுக்கு இடம் பிடித்தேன். ஏழு ஐந்துக்கு உள்ளே அலறல் கேட்டது.

உருளையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைச் சுரண்டும்போது கை உள்ளே போயிருந்தது. அவன் மெஷினில் அல்ல, என் மெஷினில்.

வலது கையில் நான்கு விரல்கள் போயின. கட்டை விரல் மட்டும் மிச்சம்.

இரவு ஷிப்டுக்காரன் இன்னும் வந்து சேரவில்லை. அந்தப் பக்கம் கேமராவும் இல்லை. சிவா வேலையில் இருந்தான் என்பதற்கு நான் ஒருவன்தான் சாட்சி.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கை முழுக்கக் கட்டு.

"நஷ்டஈட்டுக்கு மனு போட்டிருக்கு," என்றான். "கார்டுல ஏழு மணி இருக்காம். வேலை முடிஞ்சவன் மெஷின்ல ஏன் கை வச்சேன்னு கேக்குறாங்க. நான் அடிக்கலன்னு சொல்லிட்டேன். யார் அடிச்சான்னு கேட்டாங்க... சொல்லல."

நான் அவன் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொன்னா காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும். நீயா போய்ச் சொல்லிடு லா."

"சரி," என்றேன்.

யோசிக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. சரி என்றேன்.

இரண்டு நாள் கழித்து நஷ்டஈட்டு ஆபீசில் கூப்பிட்டார்கள். தமிழ்ப் பெண்தான் அதிகாரி.

"அண்ணே, அவர் கார்டை அவரே அடிச்சாரா? நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. இதை வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க."

"பார்த்தேன் மேடம்."

இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் ஒரே பதில். மலாயில் டைப் செய்து, படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். 

ஏன் செய்தேன்? என் பேரில் ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. இன்னொன்று வந்தால் வெளியே போக வேண்டியதுதான். அதுதான் காரணமா? பல தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். பயந்துவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் கொஞ்சம் இரக்கப்படுவீர்கள். அவ்வளவு பயம்கூட இல்லை. அவன் விரல் போனது போனதுதானே, நானும் ஏன் போக வேண்டும்... இப்படித்தான் நினைத்தேன்.

மனு தள்ளுபடியானது. வேலை நேரத்தில் நடந்த விபத்து இல்லையாம். மேல்முறையீடு செய்ய அவகாசம் கொடுத்தார்கள். அந்த நாள்களிலும் தினமும் அந்த ஆபீசைத் தாண்டித்தான் போனேன். கதவு திறந்தேதான் இருந்தது.

சிவாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

போன வருடம் பிரிக்பீல்ட்ஸில் மாலை வாங்க ஒரு பூக்கடையில் நின்றேன். மாலைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். இடது கையால் தெளித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, மண்டை வழுக்கையாயிடுச்சு?" என்றான்.

சிரிக்கப் பார்த்தேன்.

"இன்னும் அங்கதானா? இப்பவும் கார்டுதானா?"

"இல்ல. நீ போனப்புறம் மாத்திட்டாங்க. விரல் வைக்கிற மெஷின்."

"நல்ல வேளை லா, நான் இல்ல. நாலு விரலுக்கு மெடிக்கல் லீவு கேட்டிருப்பாங்க."

அவனே சிரித்துக்கொண்டான். பிறகு ஒரு மாலையை எடுத்து உதறினான்.

"அவங்க அனுப்பின பேப்பர்ல உன் கையெழுத்தைப் பார்த்தேன். அழகா போட்டிருந்த."

 இப்போதாவது சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? அவனுக்குத் தெரியாத எதை...

"மாலை சாமிக்கா, படத்துக்கா?" என்று கேட்டான்.

"சாமிக்கு."

கட்டை விரலால் மாலையை உடம்போடு அணைத்து, இடது கையால் இலையில் சுற்றினான். நேரம் எடுத்தது. நான் உதவவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த விரல் மெஷின், கார்டு மெஷின் இருந்த அதே சுவரில்தான் இருக்கிறது. இப்போது யாரும் யாருக்காகவும் அடிக்க முடியாது. ஏழு மணிக்கு நான் வரிசையில் நிற்கிறேன். என் முறை வரும்போது வலது ஆள்காட்டி விரலை வைக்கிறேன். பச்சை விளக்கு எரியும். 'தேங்க் யூ' என்று ஒரு பெண் குரல் சொல்லும்.

வேலைக்கு வரும்போது ஒரு தரம். போகும்போது ஒரு தரம்.